ஆயுதமில்லாத காவலர்கள்: பூகன்வில் அனுபவமும் ஈழத்துப் போர்நிறுத்தங்களும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள பேர்ன்ஹாம் இராணுவ முகாமில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு பக்கம் பப்புவா நியூ கினியின் பிரதமர் ஜேம்ஸ் மராப்பே. மறுபக்கம் அந்நாட்டிலிருந்து பிரிந்து தனிநாடாக விரும்பும் பூகன்வில் தீவின் ஜனாதிபதி இஸ்மாயில் தொரோமா. தொரோமா ஒரு காலத்தில் அதே பப்புவா நியூ கினி இராணுவத்தை எதிர்த்துக் காட்டில் நின்று போரிட்ட தளபதி. இருவருக்கும் நடுவராக இருந்தவர் நியூசிலாந்தின் முன்னாள் ஆளுநர் நாயகம் சேர் ஜெரி மாத்தெபராய். அவரும் 1998இல் பூகன்வில் போர்நிறுத்தக் கண்காணிப்புப் பணியில் பொறுப்பு வகித்த இராணுவ அதிகாரிதான்.

தமிழ்ப் பத்திரிகைகளில் இச்செய்தி வந்ததாக நான் காணவில்லை. வந்திருக்க வேண்டிய செய்தி. ஏனெனில் பூகன்வில்லின் கதையில் நமக்குப் பழக்கமான எல்லாமே இருக்கின்றன: பிரிவினைக் கோரிக்கை, பொருளாதாரத் தடை, அரசோடு சேர்ந்து இயங்கிய உள்ளூர் ஆயுதக்குழுக்கள், தமக்குள்ளேயே மோதிக்கொண்ட இயக்கங்கள், பக்கத்தில் ஒரு பெரிய நாடு, தூரத்திலிருந்து வந்த சமாதானத் தூதர்கள். முடிவு மட்டும் வேறு. அங்கே 1997இல் தொடங்கிய போர்நிறுத்தம் இன்றுவரை நிற்கிறது. இலங்கையில் 1987இல் ஆயுதத்தோடு வந்த இந்தியாவும் தோற்றது. 2002இல் ஆயுதமின்றி வந்த நோர்வேயும் தோற்றது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதே எனது கேள்வி.

பூகன்வில்லில் நடந்தது

பூகன்வில் புவியியல்படி சொலமன் தீவுகளின் தொடர்ச்சி. காலனித்துவக் கோடுகள் அதனைப் பப்புவா நியூ கினியோடு சேர்த்துவிட்டன. 1975 செப்டம்பர் 1ஆம் திகதி, பப்புவா நியூ கினி அவுஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, பூகன்வில் மக்கள் தாம் தனிநாடு என்று பிரகடனம் செய்தனர். உலகில் எவரும் அதனை ஏற்கவில்லை.

அத்தீவின் நடுவே பங்குனா என்ற இடத்தில் பிரமாண்டமான செப்புச் சுரங்கம் ஒன்று 1972இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று ரியோ டின்டோ என அறியப்படும் நிறுவனத்தின் ஆதிக்கத்தில் அது இருந்தது. புதிய நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரு குழியிலிருந்து வந்தது. தீவு மக்களுக்குக் கிடைத்தது சிறு பங்கும், கழிவு கொட்டப்பட்ட ஜாபா ஆறும். 1988இன் இறுதியில் பிரான்சிஸ் ஓனா என்ற முன்னாள் சுரங்க ஊழியரின் தலைமையில் நாசவேலைகள் தொடங்கின. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. 1990இல் அரசு தீவைச் சுற்றித் தடை விதித்தது; மருந்தும் உள்ளே போகவில்லை. ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழ்ந்த தீவில் 10,000 முதல் 20,000 பேர் வரை இறந்ததாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பலர் குண்டு பட்டு இறந்தவர்கள் அல்லர், மருந்தில்லாமல் இறந்தவர்கள். வன்னியை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நியூசிலாந்து எழுத்தாளர் லொய்ட் ஜோன்ஸ் எழுதி 2006இல் வெளிவந்த 'மிஸ்டர் பிப்' என்ற நாவல் இந்தத் தடைக்காலத்தையே களமாகக் கொண்டது. பள்ளிக்கூடம் மூடிய கிராமத்தில் எஞ்சிய ஒரே வெள்ளைக்காரர் பிள்ளைகளுக்கு டிக்கன்ஸின் நாவலை வாசித்துக் காட்டுகிறார். நமது இலக்கிய வட்டத்தில் இன்னும் பரவலாக வாசிக்கப்பட வேண்டிய நூல் அது.

1997இன் தொடக்கத்தில் பிரதமர் ஜூலியஸ் சானின் அரசு சாண்ட்லைன் என்ற கூலிப்படை நிறுவனத்தோடு 3 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. நாட்டின் இராணுவத் தளபதி ஜெரி சிங்கிரோக்கே அதனை எதிர்த்துக் கூலிப்படையினரைப் பிடித்து வெளியேற்றினார். சான் பதவியிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் தன் தொகுதியையும் இழந்தார். போரினால் எதனையும் தீர்க்க முடியாது என்று இருதரப்பும் களைத்துப்போன அந்த வேளையில்தான் நியூசிலாந்தின் வெளிநாட்டமைச்சர் டொன் மெக்கினன் பேர்ன்ஹாம் முகாமின் கதவைத் திறந்தார்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1997 ஜூலையில் நடந்த முதலாவது பேர்ன்ஹாம் சந்திப்புக்குப் பப்புவா நியூ கினி அரசு அழைக்கப்படவில்லை. வந்தவர்கள் பூகன்வில்காரர்கள் மட்டுமே: புரட்சிப் படையினர், அரசோடு சேர்ந்து அவர்களை எதிர்த்த உள்ளூர்ப் படையினர், இடைக்கால அரசில் இருந்தவர்கள், மதகுருமார், பெண்கள் அமைப்பினர். ஒருவரையொருவர் கொன்றவர்கள் முதலில் தமக்குள் பேசி ஒரு பொதுநிலைக்கு வந்தார்கள். அதன் பின்னர், ஒக்டோபரில், அரசோடு போர்நிறுத்தம் கையெழுத்தானது. 1998 ஜனவரியில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த பேச்சில் அது நிரந்தரப் போர்நிறுத்தத்துக்கு வழிவிட்டது.

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நியூசிலாந்தின் தலைமையில் அவுஸ்திரேலியா, பீஜி, வனுவாட்டு ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் சென்றனர். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்களின் உயிருக்குப் பூகன்வில் மக்களே பொறுப்பு என்பதுதான் ஏற்பாடு. கிராமம் கிராமமாக நடந்தார்கள், கிற்றார் வாசித்தார்கள், மாஓரி முறைப்படி வணக்கம் செலுத்தினார்கள், பெண்களோடு பேசப் பெண் அதிகாரிகளை அனுப்பினார்கள். தாய்வழியில் நிலவுரிமை செல்லும் சமூகத்தில் இந்தக் கடைசி விடயம் பெரிய பயன் தந்தது.

ஏன் நியூசிலாந்து?

பக்கத்திலிருக்கும் பெரிய நாடு அவுஸ்திரேலியா. பணமும் படையும் அதனிடம்தான். ஆனால் 1975 வரை ஆண்டது அது. சுரங்க நிறுவனத்தின் வேர் அங்கே. பப்புவா நியூ கினி இராணுவத்துக்கு ஹெலிகொப்டர்களைக் கொடுத்ததும் அதுதான். அந்த ஹெலிகொப்டர்களிலிருந்து பூகன்வில் மக்கள் சுடப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாடு நடுவராக வந்து நின்றால் யார் நம்புவார்கள்?

நியூசிலாந்துக்கு இருந்த மதிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு நான் வாழும் ஒக்லாந்து நகரின் துறைமுகத்துக்கு வர வேண்டும். 1985 ஜூலை 10ஆம் திகதி இரவு, மார்ஸ்டன் துறையில் நின்ற கிறீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வொரியர்' கப்பலில் இரண்டு குண்டுகள் வெடித்தன. பெர்னாண்டோ பெரெய்ரா என்ற புகைப்படக் கலைஞர் மாண்டார். குண்டு வைத்தது பயங்கரவாத இயக்கம் எதுவுமன்று; நட்பு நாடான பிரான்சின் உளவுத்துறை. பிரான்சு பசிபிக்கில் செய்துவந்த அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துப் புறப்படவிருந்த கப்பல் அது. வாஷிங்டனும் லண்டனும் வாய் திறந்து கண்டிக்கவில்லை. அதே 1985இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அணுவாயுதம் தாங்கியதா இல்லையா என்று சொல்ல மறுத்ததால் டேவிட் லாங்கியின் அரசு அதனை உள்ளே விடவில்லை. 1986இல் அமெரிக்கா தனது பாதுகாப்பு உறுதிமொழியை நிறுத்தியது. நியூசிலாந்து அசையவில்லை, 1987இல் அணுவாயுதமற்ற வலயச் சட்டத்தை நிறைவேற்றியது.

பெரிய நண்பனை இழந்த சிறிய நாடு சிறிய தீவுகளின் நம்பிக்கையைச் சம்பாதித்தது. பூகன்வில்லில் அது உதவியது என்பது எனது கணிப்பு.

இது நமக்குப் புதிய செய்தியன்று. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளிக்கும் நடுவில் கோவூர்கிழார் என்ற புலவர் சென்று பேசியதைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்திமாலை, யார் தோற்றாலும் தோற்பது சோழர்குடி என்பது அவர் வாதத்தின் சாரம். அதே தொகுப்பில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான், கோவூர்கிழார்தான் தடுக்கிறார். நடுவில் நிற்பவனின் உயிரே அவன் எந்தப் பக்கத்து ஆளுமில்லை என்ற நம்பிக்கையில்தான் தங்கியிருக்கிறது.

இந்தியாவும் நோர்வேயும்

இப்போது இலங்கைக்கு வருவோம். 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அது இரண்டு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை. யாருடைய ஆயுதங்களைக் களைய வேண்டுமோ அந்தத் தமிழ் இயக்கங்கள் அதில் கையெழுத்திடவில்லை. 1983க்குப் பின் இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்த நாடே இப்போது அவற்றைப் பறிக்க வந்தது. ஒக்டோபர் 10ஆம் திகதி சண்டை மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசிப் படையினர் கப்பலேறியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் கொல்லப்பட்டார். பூகன்வில்லில் அவுஸ்திரேலியா தலைமை ஏற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இதனை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

நோர்வேயின் கதை வேறு. அதற்கு இலங்கையில் பழைய கணக்கு எதுவுமில்லை. 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நோர்டிக் நாடுகளின் குழு ஆயுதமின்றி வந்தது. தோற்றத்தில் பூகன்வில் போன்ற ஏற்பாடுதான். ஆனால் அக்குழுவின் வேலை மீறல்களைப் பதிவு செய்து தீர்ப்புச் சொல்வதோடு நின்றது. எண்ணிக்கை கூடக்கூட மதிப்புக் குறைந்தது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர் கண்காணிப்புக் குழுவிலிருந்து போக வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். மூன்று நாடுகள் வெளியேறின. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையைக் கைவிட்டது. பிறகு நடந்தது 2009 மே.

ஆகவே ஆயுதமில்லாமல் வந்தால் போதும் என்று யாரும் எழுதிவிட முடியாது. வேறு எதுவோ பூகன்வில்லில் இருந்தது, இலங்கையில் இல்லை.

இரட்டைப் பூட்டு

2001 ஓகஸ்ட் 30ஆம் திகதி அராவா நகரில் கையெழுத்தான பூகன்வில் சமாதான உடன்படிக்கைக்கு மூன்று தூண்கள்: சுயாட்சி, ஆயுதக் களைவு, சர்வசன வாக்கெடுப்பு. இவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஆயுதங்கள் முதலில் கிராமத்துப் பெட்டிகளில், பின்னர் பெரிய கொள்கலன்களில் இரட்டைப் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டன. ஒரு சாவி உள்ளூர்த் தளபதியிடம், மற்றது ஐ.நா. கண்காணிப்பாளரிடம். இந்தக் கட்டம் நிறைவேறியது என்று ஐ.நா. சான்றளித்தால்தான் சுயாட்சிக்கான அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வரும். ஆயுதத்தை வைத்தவனுக்குத் தான் எதற்காக வைக்கிறேன் என்பது தெரிந்திருந்தது. அரசுக்கும் தான் கொடுப்பதற்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது.

பிரிவினை வேண்டுமா என்ற கேள்வியைச் சுயாட்சி அரசு அமைந்து 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மக்களிடமே கேட்பது என்று ஒப்புக்கொண்டார்கள். கேள்வி தள்ளிப்போடப்பட்டது, மூடப்படவில்லை. 2005இல் சுயாட்சி அரசு அமைந்தது. 2019இன் இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது, 97.7 வீதமானோர் சுதந்திரத்துக்கு வாக்களித்தனர்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரான்சிஸ் ஓனா இந்தச் சமாதானத்தில் கடைசிவரை சேரவில்லை. பங்குனாவைச் சுற்றித் தனது எல்லையைப் போட்டுக்கொண்டு 2005இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவரைப் பிடிக்கவோ அழிக்கவோ யாரும் கிளம்பவில்லை. அவரில்லாமலே சமாதானம் நடந்தது.

2002 உடன்படிக்கையில் இப்படிப் பிணைப்பு எதுவும் இல்லை. அது துப்பாக்கிகளை நிறுத்தியது. அரசியலைப் பிறகு பார்க்கலாம் என்றது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சி பற்றி ஆராய இணங்கினார்கள். 2003 ஒக்டோபரில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையை முன்வைத்தார்கள். சில நாட்களில் ஜனாதிபதி சந்திரிகா மூன்று முக்கிய அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். பேச்சு அங்கேயே நின்றது. கண்காணிப்பாளர்கள் காவல் காத்தது ஒரு வெற்று வீட்டை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பேர்ன்ஹாமில் முதலில் நடந்த காரியம், ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே மேசையில் அமர்வது, நம்மிடம் நடக்கவேயில்லை. 1986இல் டெலோ இயக்கத்தினர் தெருக்களில் கொல்லப்பட்டதிலிருந்து ஏகப் பிரதிநிதித்துவம் என்ற கோட்பாடு வரை அதற்கு நேர்மாறான பாதை. முஸ்லிம்கள் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதே பாதையில்தான். எந்த வெளிநாட்டுத் தூதரும் இதனை நமக்காகச் செய்து தந்திருக்க முடியாது.

ஒப்பீட்டின் எல்லைகளும் எனக்குத் தெரியும். பப்புவா நியூ கினியின் இராணுவம் பலவீனமானது. இலங்கை அரசுக்கு இந்தியா, சீனா, பாகிஸ்தான் எனப் பல பக்கமிருந்து உதவி வந்தது. பூகன்வில் போராளிகளிடம் கடற்படையும் பீரங்கியும் இருக்கவில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பின் உலகம் ஆயுதப் போராட்டங்களைப் பார்த்த கண்ணே மாறிவிட்டது. ஆயினும், அரசியல் தீர்வோடு பிணைக்கப்படாத போர்நிறுத்தம் அடுத்த போருக்கான ஓய்வுக்காலமாகவே முடிகிறது என்ற பாடத்தை இந்த வித்தியாசங்கள் எதுவும் பொய்யாக்கவில்லை.

பேர்ன்ஹாம் என்ற இன்னொரு பெயர்

நியூசிலாந்தைத் தேவதையாக்குவது எனது நோக்கமன்று. 2003இல் ஹெலன் கிளார்க்கின் அரசு ஈராக் படையெடுப்பில் சேர மறுத்தது, அது பெருமைக்குரியது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சேர்ந்தது. 2003 முதல் 2013 வரை, தலிபான்கள் புத்தர் சிலைகளைத் தகர்த்த பாமியான் மாகாணத்தில், அதன் படையினர் புனரமைப்புப் பணி செய்தார்கள். மற்றொரு பக்கம் சிறப்புப் படையினர் வேட்டைக்குப் போனார்கள். 2010 ஓகஸ்டில் பக்லான் மாகாணத்தின் திர்கிரான் பள்ளத்தாக்கில், அமெரிக்க ஹெலிகொப்டர்களின் துணையோடு நடந்த ஒரு தாக்குதலில் ஒரு குழந்தையும் கொல்லப்பட்டது. 2017இல் ஒரு புத்தகம் இதனை வெளியே கொண்டுவந்தது. 2020இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை, தாக்குதல் சட்டத்துக்குட்பட்டது என்று சொன்னதோடு, அமைச்சர்களுக்கும் மக்களுக்கும் இராணுவம் பிழையான தகவல் தந்தது என்றும் கண்டது. அந்தத் தாக்குதலுக்கு வைத்த பெயர் 'ஒப்பரேஷன் பேர்ன்ஹாம்'.

பூகன்வில்லில் சமாதானம் பேசிய முகாமின் பெயரும், ஆப்கான் கிராமத்தில் குழந்தை செத்த நடவடிக்கையின் பெயரும் ஒன்று. ஒரே நாடு, ஒரே இராணுவம். பூகன்வில்லில் தானாக யோசித்தது; ஆப்கானில் பெரிய நண்பனின் போரில் சேர்ந்துகொண்டது.

இன்று இங்கே

இந்த இரண்டில் எந்த வழியில் போவது என்ற கேள்வி இப்போது மறுபடி எழுந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சொலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. 2025 பெப்ரவரியில் குக் தீவுகளும் சீனாவோடு ஓர் உடன்பாட்டுக்குப் போயின. குக் தீவு மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்கள். தங்களோடு முறையாகக் கலந்து பேசவில்லை என்று வெலிங்டன் கோபித்துக்கொண்டு 1 கோடியே 82 இலட்சம் டொலர் உதவியை நிறுத்தி வைத்தது. அதே பெப்ரவரியில் சீனப் போர்க்கப்பல்கள் தஸ்மான் கடலில் சுட்டுப் பயிற்சி செய்தன. ஏப்ரலில் அரசு நான்கு ஆண்டுகளில் 1,200 கோடி நியூசிலாந்து டொலரைப் பாதுகாப்புக்குச் செலவிடும் திட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் 'ஓக்கஸ்' கூட்டணியில் ஏதோ ஒரு படியில் சேரலாமா என்ற விவாதமும் நடந்துவருகிறது.

சீனாவின் வருகை கற்பனையன்று. பழைய கப்பல்களை வைத்துக்கொண்டு பெருங்கடலைக் காக்க முடியாது என்பதும் உண்மை. எனது கவலை வேறு. சின்னஞ்சிறு தீவு ஒன்று கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால் காசை நிறுத்துவது பெரிய நாடுகளின் பழக்கம். அந்தப் பழக்கம் நியூசிலாந்துக்கும் ஒட்டிக்கொண்டால், நாளை இன்னொரு பூகன்வில்லில் துப்பாக்கியில்லாமல் போய் நிற்க அதற்கு எந்தக் கிராமமும் பாய் விரிக்காது. 1997இல் செலவான முதல் பணமன்று, நம்பிக்கை. அதனைச் சேர்க்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஒக்லாந்தில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்த விவாதத்தில் பெரும்பாலும் பார்வையாளர்களாகவே இருக்கிறோம். இலங்கை பற்றிய தீர்மானம் ஜெனீவாவுக்கு வரும்போது மட்டும் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப்போகிறோம். நடுவராக வந்த நாடுகளால் அடிபட்ட அனுபவம் நம்மிடம் இருப்பதுபோல் இந்நாட்டில் வேறு பலரிடம் இல்லை. பாதுகாப்புக் கொள்கை பற்றிப் பொதுமக்களின் கருத்தை அரசு கேட்கும்போது, நடுவருக்குப் பழைய கணக்கு உண்டா, உள்ளூரார் முதலில் தமக்குள் பேசினார்களா, ஆயுதம் வைப்பதோடு அரசியல் தீர்வு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விகளை எழுதி அனுப்ப நமக்கு உரிமையும் உண்டு, தகுதியும் உண்டு.

பூகன்வில்லின் கதையும் முடியவில்லை. வாக்கெடுப்பின் முடிவைப் பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்பது உடன்படிக்கையிலேயே உள்ளது. எப்படி ஏற்பது, எத்தனை வாக்கு வேண்டும் என்ற இழுபறியைத் தீர்க்கத்தான் 2025இல் மறுபடி பேர்ன்ஹாமுக்கு வந்தார்கள். பூகன்வில் தலைவர்கள் தம் சுதந்திர நாளாக 2027 செப்டம்பர் 1ஐக் குறித்திருக்கிறார்கள். 1975இல் பிரகடனம் செய்த அதே நாள். வாக்கெடுப்பில் 97.7 வீதமான மக்கள் சொன்னதை ஒரு நாடாளுமன்றம் காலவரையறையின்றித் தள்ளிப்போட்டால், ஆயுதத்தைப் பூட்டி வைத்தவர்களின் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த வேளையில் நியூசிலாந்து எங்கே நிற்கப்போகிறது என்பதைக் கவனித்திருப்போம்.